பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்



சீசன் வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெந்தோட்டை கங்கையில் போட்டுகளுக்கு ஓய்வில்லை. அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பக்கத்திலிருந்து எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலரும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். "பீச்சில சுத்துறான்" என்று ஊரில் லேசாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வந்த விருந்தாளி முழுக் கணுக்காலோடு வீடு திரும்புவது அந்தப் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது.

அதனால் இந்தப் பதிவு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. ஒற்றைப் பலகையில் வளைந்து வளைந்து ஓடும் ஸ்லாலம் நீர்ச்சறுக்கில், காலைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட் பற்றி. இதில் பாதி, பல வருடமாக அந்த வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவரிடம் நாங்கள் கேட்டுப் படித்தது. மாணவரிடம் படிப்பதில் ஆசிரியருக்கு என்ன குறை?

1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு பலகைகளின் நுனியை வளைத்து, தோல் பட்டி அடித்து, அதில் காலை நுழைத்துத் தண்ணீரில் ஓடினார். இந்த விளையாட்டின் தொடக்கம் அதுதான். இன்று ஸ்லாலம் போட்டியில் ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஆண்களுக்குப் போட்டின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வெறும் பட்டி போதாது. காலும் பலகையும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் பூட்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. ஓடும்போது பூட் காலைப் பிடிக்க வேண்டும். விழும்போது விட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் பூட் ஆபத்தானது.

முதலில் எந்தக் கால் முன்னால் என்று பாருங்கள். இரண்டு பலகையில் ஓடும்போது ஒவ்வொன்றாக லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காலில் நிற்பது இலகுவோ அதுதான் முன்கால். வலக்கைக்காரருக்கு இந்தக் கால்தான் என்று ஒரு சட்டமும் இல்லை.

அடுத்தது அளவு. பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும்போது "அடுத்த வருஷத்துக்கும் உதவும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். இங்கே அது கூடவே கூடாது. காலையும் பூட்டையும் நனைத்து, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டு நுழையுங்கள். எண்ணெய், கிறீஸ் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். நுழைந்தபின் முழங்காலை மடக்கி முன்னே சாயுங்கள். குதிகால் மேலெழுந்தால் பூட் தொளதொளப்பு. விரல் மடங்கினாலோ கால் விறைத்தாலோ இறுக்கம்.

பின்காலுக்கு இரண்டு வழி உண்டு. பழகுபவருக்கு விரல் பக்கத்தை மட்டும் பிடிக்கும் பட்டி நல்லது. எழும்பும்போது பின்காலைத் தண்ணீரில் இழுத்துவந்து பிறகு நுழைக்கலாம், விழுந்தால் தானாகக் கழன்றுவிடும். பழகியவர்கள் சிலர் இரண்டு காலுக்கும் முழு பூட் போடுவார்கள். அப்படிப் போட்டால் இரண்டின் பிடியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கழன்றால் இரண்டும் சேர்ந்து கழல வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், அந்த மாணவர் கண்ணால் கண்ட ஒரு சம்பவம். ஓரிடத்தில் முன் பூட் புதியது, பின் பூட் பழையது. விருந்தாளி விழுந்தபோது பின்கால் கழன்றது, முன்கால் மாட்டிக்கொண்டது. பலகை தண்ணீரில் முறுக்கியதில் கணுக்கால் முறிந்தது. "பூட்டைக் கொடுக்கும்போதே தெரியும் சேர், ஆனா முதலாளிக்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

இனி பூட்டின் இடம். பலகையின் வால் நுனியிலிருந்து முன்காலின் குதிகால் வரை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். தயாரித்தவர் சொன்ன அளவிலிருந்து தொடங்குங்கள். பூட்டை முன்னே நகர்த்தினால் மூக்குத் தண்ணீரில் கூடுதலாக இறங்கும், திருப்பம் கூர்மையாகும். அதிகமானால் மூக்குக் குத்தி ஆள் தூக்கி எறியப்படுவார். பின்னே நகர்த்தினால் மூக்கு எழும்பும், திருப்புவது கஷ்டம். ஒரு தடவைக்கு ஒரு துளைதான். மாற்றிவிட்டு ஓடிப் பார்த்து, பிறகே அடுத்தது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. விஞ்ஞான பாடத்தில் இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்!

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஆணிகளைத் திருகிப் பாருங்கள். கங்கையில் கடல் உப்பு கலந்திருக்கிறது, ஆணி கறள் பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் வெடிக்கும். வெடித்த இடத்தில் ஒருநாள் கிழியும்.

போட் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு திருப்புளி, ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி, இவ்வளவுதான் செலவு. கூடவே, "இந்த பூட் உங்களுக்குச் சரிவராது" என்று விருந்தாளியிடம் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு ஓட்டத்தின் காசு போகலாம், ஒரு கால் போகக் கூடாது.

பெற்றோரே, மகன் மாலை வீடு வந்தால் "இண்டைக்கு எவ்வளவு கிடைச்ச?" என்பதோடு, "ஆணி பார்த்தீங்களா மகன்?" என்றும் கேளுங்கள். நாம் கேட்டால்தான் அது ஒரு தொழில் என்று அவனுக்கும் தோன்றும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. கங்கைப் பக்கம் வேலை செய்யும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.