சம்பளப் பதிவேட்டில் ஒரு சிப்பாய்

பிப்ரவரி 15

சிங்கப்பூர் வீழ்ந்த நாள். 1942இல் இதே தேதியில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். இந்தத் தேதி வரும்போதெல்லாம், பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடும் பேரப்பிள்ளைகளைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பவை ஒரு பதக்கம், சீருடையில் எடுத்த ஒரு படம், ‘பர்மாவில் சண்டை போட்டார்’ என்று வீட்டில் சொல்லிவந்த ஒரு வரி. மூன்றும் அவர்களைப் போர்க்களத்துக்கே அனுப்புகின்றன. நூலகத்தில் கோஹிமா பற்றியும் இம்பால் பற்றியும் தடித்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, தாத்தா பெயர் இல்லையே என்று ஏமாந்து திரும்புகிறார்கள். என் வாதம் எளியது: மதராஸ் மாகாணத்துச் சிப்பாயைப் போர்க்களத்தில் தேடுவது வீண். ராணுவம் அவருக்குச் சம்பளம் கொடுத்த இடத்தில், விடுவித்த இடத்தில், பென்ஷன் கொடுத்த அல்லது மறுத்த இடத்தில்தான் தேட வேண்டும்.

இதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போருக்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்குகிறது. மதராஸ் படையின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று உறுதியாக நம்பியவர். அந்த நம்பிக்கை கொள்கையானது. முதல் உலகப் போருக்குப் பின் மதராஸ் காலாட்படையே கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் மிஞ்சியது. 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945க்குள் 25 லட்சமாக வீங்கியபோது, கொள்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. ஆனாலும் இங்கிருந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதி துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கவில்லை. பாலம் கட்டினார்கள், லாரி ஓட்டினார்கள், அசாமில் விமானத் தளத்துக்கு மண் வெட்டினார்கள், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள், கிட்டங்கியில் குண்டுப் பெட்டி எண்ணினார்கள். போர் வரலாறு எழுதியவர்களுக்கு இந்த வேலைகள் அடிக்குறிப்பாகக்கூடத் தோன்றவில்லை.

‘பர்மா ஸ்டார் பதக்கம் இருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்கலாம். பதக்கம் பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாவில் களப்பணி ஆற்றியவர்களுக்கு மட்டுமல்ல, 1942 மே முதல் வங்காளத்திலும் அசாமிலும் களப்பணியில் இருந்தவர்களுக்கும் அந்தப் பதக்கம் உண்டு. ஆக, பர்மா ஸ்டார் வாங்கியவர் பர்மா மண்ணை மிதித்தே இருக்கத் தேவையில்லை. 1939–45 போர்ப் பதக்கத்துக்கோ 28 நாள் ராணுவப் பணி போதும், எங்கே இருந்தாலும் சரி. மூன்றாண்டு இந்தியாவுக்குள்ளேயே பணிபுரிந்தவர்களுக்கென்று ‘இந்தியா சர்வீஸ் மெடல்’ தனியாக இருந்தது. அது வீட்டில் இருந்தால், தாத்தாவின் பணிக்காலத்தில் கணிசமான பகுதி கடல் தாண்டாமலே கழிந்தது என்று துணிந்து சொல்லலாம். குடும்பக் கதையை நிரூபிப்பதைவிட அதன் எல்லையைக் காட்டுவதற்கே பதக்கம் அதிகம் உதவும்.

பிப்ரவரி 17

சிங்கப்பூர் ஃபாரர் பார்க். சரணடைந்த இரண்டாம் நாள் 40,000க்கு மேற்பட்ட இந்தியப் போர்க்கைதிகளை அங்கே நிறுத்திவைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு மோகன் சிங் தலைமையில் உருவான இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது. ‘பர்மாவில் இருந்தார்’ என்ற ஒரே வரி எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய் ஒருவர். கைதாகி இந்திய தேசிய ராணுவத்துக்கு மாறியவர் இன்னொருவர். பட்டாளத்தையே பார்க்காமல் மலேயாத் தோட்டத்திலிருந்து நேரே அந்தப் படையில் சேர்ந்தவர் வேறு. சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளி வேறு. ரங்கூனிலிருந்து 1942இல் கால்நடையாக அசாமுக்கு வந்த கடை குமாஸ்தாவும் உண்டு. இரண்டு தலைமுறை கழிந்தால் இவர்கள் எல்லோரும் ‘பட்டாளத்துத் தாத்தா’ ஆகிவிடுகிறார்கள். பதக்கம் எதுவும் இல்லை என்பதும் இங்கே ஒரு தடயம்தான். போர் முடிந்ததும் தேசிய ராணுவத்தினரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்த பிரிட்டிஷார், கறுப்பில் விழுந்தவர்களைப் பணியிலிருந்து நீக்கினார்கள்.

வாய்மொழியே உண்மையான வரலாறு, காகிதம் அதிகாரத்தின் குரல் என்று ஒரு கட்சி இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாய்மொழியில் ஊர்ப் பெயர் தங்கும், வருஷம் தங்காது. வருஷம் இல்லாமல் மேற்சொன்னவர்களைப் பிரித்தறிய வழியே இல்லை. பாட்டி சொன்னதை மறுப்பதற்காகக் காகிதம் தேட வேண்டாம். அவர் சொன்னது எந்த ஆண்டில் நடந்திருக்க முடியும் என்று பார்ப்பதற்காகத் தேட வேண்டும்.

பிப்ரவரி 24

என் வாதத்துக்கு எதிரான ஆகச் சிறந்த சான்று இந்தத் தேதிக்கு உரியது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார் மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். தமிழ்ச் சிப்பாய் போர்க்களத்தில் கிடைக்கமாட்டார் என்பதற்கு இவர் ஒருவரே மறுப்பு இல்லையா? அவர் கிடைப்பதற்கான காரணங்களைப் பாருங்கள்: உயர்ந்த விருது, அதோடு மரணம். அந்தப் போரில் இறந்த சுமார் 87,000 இந்தியப் படையினரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா வரை உண்டு. உயிரோடு திரும்பிய 24 லட்சம் பேருக்கு அப்படிப் பொதுவில் தேடக்கூடிய பட்டியல் இல்லை. செத்தவருக்குக் கல்லில் பெயர். பிழைத்தவர் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்.

‘பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவே’ என்பது அடுத்த மறுப்பு. இருக்கின்றன. தென்கிழக்காசியக் களத்துக்குரியவை ஒரு வரிசையில், இத்தாலிக்குரியவை இன்னொரு வரிசையில். ஆனால் மாதாமாதம் அவற்றை எழுதியவர் ஓர் அதிகாரி. சக அதிகாரிகளைப் பெயர் சொல்லி எழுதுவார், சிப்பாய்களைப் பெரும்பாலும் தலைக்கணக்காக எழுதுவார். அந்த நாட்குறிப்பு அருமையான ஆவணம்தான், ஆனால் கடைசியில் திறக்க வேண்டியது. தாத்தா எந்தக் கம்பெனியில், எந்த மாதத்தில் இருந்தார் என்று தெரிந்துவிட்டால், அவர் கட்டிய பாலத்தையும் கடந்த ஆற்றையும் அதில் நாள்வாரியாகப் படிக்கலாம். தெரியாமல் திறந்தால் காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான்.

கம்பெனி தெரிய வேண்டுமானால் படை எண் வேண்டும். முனுசாமி என்றும் கோவிந்தன் என்றும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்க, குமாஸ்தா ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருக்க, பெயரை மட்டும் வைத்து எந்த அலுவலகமும் தேடித் தராது. எண் இருப்பது விடுவிப்புச் சான்றிதழில், பென்ஷன் புத்தகத்தில். அந்த எண்ணோடு போய்க் கேட்க வேண்டிய பதிவு அலுவலகங்கள் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை: மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸுக்கும், மண் வேலை செய்த பயனியர் படைக்கும் பெங்களூரு. பென்ஷன் பெறாதவர்களின் முழுக் கோப்பு கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கக்கூடும். போர்க்காலத்தில் சேர்ந்து 1946இலோ 1947இலோ வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் அந்த ரகம். அப்போதும் ‘லாங் ரோல்’ எனப்படும் பேரேட்டில் ஒரு வரி மிஞ்ச வாய்ப்புண்டு. மழுப்பலான பதில் வந்தால், 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளின் தகவலைச் சில விலக்குகள் தவிர மறுக்க முடியாது என்று 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு சொல்வதை மனுவில் குறிப்பிடலாம்.

மார்ச் 8

ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போன நாள். வெள்ளைக்காரனுக்கு உழைத்தவனை எதற்கு இவ்வளவு தேட வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தியாகி பென்ஷன் வாங்கியவரின் பேரனுக்கு உள்ள பெருமை, பயனியர் படையில் மண் வெட்டியவரின் பேத்திக்கு இருக்காது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த 25 லட்சம் பேரில் சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்களே அதிகம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பஞ்சம் பார்த்த கிராமத்துக்கு மாதாமாதம் வந்த மணியார்டர் ஒரு குடும்பத்தின் வரலாறு. அதை வீரக் கதையாக மாற்றினால்தான் மதிப்பு என்று நினைப்பது ராபர்ட்ஸின் அளவுகோலையே நாமும் கையிலெடுப்பதாகும்.

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குச் சேர்ந்த சுமார் 3,20,000 பேரின் கிராமவாரிப் பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021இல் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி வெளிவரத் தொடங்கின. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்று பெருமூச்சு விடுவது சரியல்ல. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை கொடுத்துவருகிறது. அதற்கு விண்ணப்பிப்பவர் தன் பணியை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் கோப்புகள்தான் நமக்குள்ள பேரேடு. பயனாளிகளில் கடைசியானவர்கள் இப்போது நூறு வயதை ஒட்டி நிற்கிறார்கள். அவர்களோடு அந்தக் கோப்புகளும் முடிக்கப்பட்டு, பழைய காகிதக் கட்டாக எடைக்குப் போய்விடக் கூடாது. அவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற அரசு ஆணையிட வேண்டும். வீட்டுப் பெட்டியில் விடுவிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திராமல் அதிலுள்ள படை எண்ணை இப்போதே நகலெடுத்து வையுங்கள்.