படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் கஞ்சி

கல்லீரல் கெட்டால் கண் மஞ்சளாகும், கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். புத்தியும் தடுமாறும் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் பெரியண்ணனுக்கு அது வந்தபோது பகலெல்லாம் தூங்கினார், ராத்திரி முழுக்க விழித்திருந்தார். கையெழுத்து கோணிப்போனது. கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். வயசாச்சு, மறதி என்றார் ஒருவர். காத்து கருப்பு என்றார் இன்னொருவர்.

டாக்டர்தான் விளங்கச் சொன்னார். குடலில் உண்டாகும் அம்மோனியாவை நல்ல கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சுருங்கிப்போன கல்லீரலால் அது முடியாது. அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்கு ஏறுகிறது. லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, தினம் இரண்டு மூன்று தடவை இளக்கமாக மலம் போகும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். மலச்சிக்கல்கூட இந்த மயக்கத்தைக் கிளப்பிவிடுமாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீடே தவித்தது. புரதத்திலிருந்துதானே அம்மோனியா வருகிறது, அதை நிறுத்து என்பது வெகுகாலம் மருத்துவர்களே சொல்லிவந்த பத்தியம். அண்ணி பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, ரசஞ்சாதம் மட்டும் ஊட்டினார். பாசத்தில் செய்ததுதான். அண்ணனின் தொடை வற்றியது, தோள் எலும்பு துருத்தியது. புத்தி மட்டும் தெளியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த இளம்பெண்ணை நான் மறக்க மாட்டேன். அச்சடித்த தாளை நீட்டிவிட்டுப் போகாமல், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அண்ணியைக் குறை சொல்லவில்லை. கல்லீரல் ஓய்ந்தால் அம்மோனியாவைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்வது தசைதான், அது கரைந்தால் மயக்கம் கூடத்தான் செய்யும் என்று பொறுமையாகச் சொன்னார். 2004இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், புரதத்தைக் குறைத்ததால் நோயாளிகளுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. இன்றைக்குச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். தயிர், மோர், பாசிப்பருப்பு, சுண்டல் எல்லாம் இவர்களுக்கு இறைச்சியைவிட நன்றாக ஒத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொன்னார். கல்லீரல் சுருங்கியவர் ஓர் இரவு வெறும் வயிற்றோடு கிடப்பது, நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பது போலவாம். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் பால் விட்ட சத்துமாவுக் கஞ்சி ஒரு டம்ளர் அண்ணனுக்குத் தவறியதில்லை. மெல்ல மெல்ல உடம்பு தேறி, வாசல் திண்ணைவரை தானே நடந்து வந்தார்.

பவுடர், மாத்திரை எல்லாம் இதற்குப் பிறகுதான். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கலந்த பவுடர் இந்த மனத்தடுமாற்றத்தைக் குறைக்க உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2017இல் எழுதினார்கள். ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. சாப்பாட்டில் புரதம் எட்டாதவருக்கு அது நல்ல துணை. அம்மோனியாவை யூரியாவாக்கும் வேலைக்குத் துத்தநாகமும் வேண்டும். கல்லீரல் நோயாளிகளுக்கு அது குறைந்துபோவது சகஜம். குடிப்பழக்கம் இருந்தவருக்குத் தயமின் வைட்டமினும் தேவைப்படும். எதையும் டாக்டர் பார்த்துச் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட லாக்டுலோஸுக்கு மாற்று இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலிகைச் சூரணம் கொண்டுவந்தார்கள். அன்பைத் தட்டவில்லை, சூரணத்தைக் கொடுக்கவில்லை. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலில் சோதனை வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், விலை கூடின பவுடர் டின்னை வாங்குமுன் அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். ஒரு தடவையாவது உணவு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, பவுடர் கரைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.