தங்கவயலில் தங்கம் அணியாத ஆயா



பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில், பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் கிளைப் பாதையில் திரும்பும். பின்பு கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம். இந்தப் பெயர்களை வரிசை தப்பாமல் சொல்லத் தெரியாத தங்கவயல் பிள்ளை எவரும் இல்லை. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வழியே சென்றேன். ஜன்னலுக்கு வெளியே சைனைட் மலைகள் தென்பட்டபோது உள்ளம் கலங்கிற்று. மலை என்கிறோமேயன்றி, அவை பொன் எடுத்தபின் கொட்டப்பட்ட மண்மேடுகளே. காற்றுக்காலத்தில் அந்தத் தூள் பறந்து வந்து, கொடியில் உலரும் துணிகளின்மேலும் மூடாத சோற்றின்மேலும் படியும்.

அங்கே ஒரு லைன் வீட்டில், என் தகப்பனாரைப் பெற்ற தாயார் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வடஆற்காட்டு வழக்கப்படி அவரை நாங்கள் ஆயா என்று அழைப்போம். குடியாத்தத்திற்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து மணமாகி வந்தபோது அவருக்கு வயது பதினாறு. அந்நாட்களில் சுரங்கங்களை நடத்தியது இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி. 1880-ம் ஆண்டில் கால்பதித்த அக்கம்பெனியின் நிர்வாகம், 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொள்ளும்வரை நீடித்தது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. பெங்களூர் நகருக்குக்கூட அதற்குப் பின்னர்தான் கிடைத்தது. ஆனால் ஆயா வேதம் வாசிக்கக் கற்றது மண்ணெண்ணெய் விளக்கில். எங்கள் லைனுக்கு அந்த வெளிச்சம் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

ஞானஸ்நானம் பெற்ற நாளில் ஆயா தம்முடைய தோட்டையும் மூக்குத்தியையும் தாலியையும் கழற்றினார். "உயிரோடு இருக்கிற புருஷனுக்கு இவள் துக்கம் கொண்டாடுகிறாளே" என்று லைன் முழுவதும் பேசிற்று. மாமியார் மூன்று மாதம் அவர் கையால் சாப்பிடவில்லையாம். கழற்றிய நகைகளை விற்ற பணம் என் தகப்பனாரின் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவிற்று. தூர்ந்துபோகாத அந்தக் காதுத் துளையில் நான் சிறுவயதில் வேப்பங்குச்சியைச் செருகி விளையாடியதுண்டு. அடித்ததில்லை; "போடா கண்ணு" என்று சிரிப்பார். தாத்தா பூமிக்கடியில் உடைத்த பாறைகளில் எத்தனை பொன் இருந்ததோ, எங்கள் வீட்டில் குன்றிமணி அளவும் இருந்ததில்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அவ்வளவு கீழே பாறை தொட முடியாதபடி கொதிக்கும். மேலிருந்து அழுத்தும் பாரத்தினால் சில வேளை பாறை தானாக வெடிக்கும். அப்போது மேலே வீடுகள் அதிர்ந்து பரண் பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து, யாருடைய ஷிப்டு என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். ஆயாவின் ஜெபநேரத்தை நியமித்தது கடிகாரமல்ல, சுரங்கத்தின் சங்குதான். தாத்தாவின் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் முழங்காலில் நிற்பார். பாறைத்தூள் தாத்தாவின் நுரையீரலை அரித்து அவர் வேலையை விட்ட பின்பும், கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பும், அந்த வழக்கத்தை ஆயா விடவில்லை. "கூண்டில இறங்குற பிள்ளைங்க இன்னும் இருக்காங்கல்ல" என்பார். அவர்களில் என் தகப்பனாரும் ஒருவர்.

ஆயாவுக்குப் பிரியமான வேதபகுதி யோபு 28-ம் அதிகாரம். மனிதன் இருளுக்கு முடிவுகட்டி, ஆள் நடமாட்டமில்லாத ஆழத்தில் தொங்கிப் பொன்னைத் தேடுவதைப் பற்றி அங்கே வாசிக்கிறோம். வேதாகமக் கல்லூரியில் அதைக் குறித்து ஆங்கில வியாக்கியானங்கள் பலவற்றைப் படித்தேன். உண்மையைச் சொன்னால், இறங்கினவனின் மனைவி வாசிக்கக் கேட்டபோது விளங்கிய அளவுக்கு அவை எனக்கு விளங்கவில்லை. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைக் குறித்துப் பவுல் எழுதும் கிரேக்கச் சொல், புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது என்று ஒருமுறை ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒருவாட்டி எழுதினா போதாதா?" என்றார்.

இறுதிக்காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தாலும் மூன்று, நான்கு கிராம் பொன் கிடைப்பதே அரிதாயிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றது. நீர் இறைப்பதும் நின்று, சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிற்று. என் தகப்பனார் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலாளியானார். ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறி வேலைக்குச் சென்று இரவில் திரும்பலானார்கள். இதை வாசிக்கிற உங்களிலும் சிலர் அப்படிச் சென்றவர்களாய் இருக்கக்கூடும். ஆயாவின் முன்னறையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கு முப்பது பேர் கூடியது போய், நான்கு மூதாட்டிகள் மீந்தார்கள்.

2004-ல் ஆயாவை வற்புறுத்திப் பெங்களூருக்கு அழைத்து வந்தேன். மூன்று வாரம்தான் தங்கினார். "வண்டிச் சத்தமே கேட்கலையேப்பா" என்று திரும்பிவிட்டார். அப்போதுதான் அறிந்தேன், சங்குக்குப் பதிலாக விடியற்கால இரயிலின் ஊதலே அவரை முழங்காலில் நிறுத்திற்று என்பதை. நோட்டுப் புத்தகம் ஒன்றில், ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்களைத் தம் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனால், பெயருக்கு எதிரே சிறு கோடு இழுப்பார். வருஷம் மாறினால் புதுப் பக்கம்.

2011-ல், ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். கன்வென்ஷன் கூட்டம் குறுக்கிட்டது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஊழியம்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்திற்குள் ஆயா நித்திரையடைந்தார். வயது தொண்ணூறு. அடக்க ஆராதனையை நடத்தியது நானே. என்ன பேசினேன் என்று நினைவில்லை.

இம்முறை சென்றபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்தது. நோட்டுப் புத்தகம் பரணில் வேதாகமத்தோடு துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. 2011-ம் வருஷத்துப் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. எதிரே கோடு இல்லை.

இரவு அங்கேயே பாய் விரித்துப் படுத்தேன். விடியுமுன் இரயில் ஊதிற்று. லைனில் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்கும் ஓசையும், டிபன் பாத்திரங்களின் ஓசையும் கேட்டன. நான் எழுந்து, ஆயா முழங்காற்படியிடும் மூலையில், நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன்.