அண்ணனின் கணக்கு நோட்டு

எங்கள் அண்ணன் 2020 ஜூலையில் காலமானார். எழுபத்தாறு வயது. இ-பாஸ் எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே நினைப்பு. உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்று எப்படியாவது எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரியும் இடத்திலிருந்து அதிக தூரமில்லை. 1961இல் அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு, எனக்குப் பதினொன்று. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நிலம் எட்டு மா. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய வருடம் அது. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு வெட்டப் போனார். படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவருடைய ஜியாமெட்ரி பாக்ஸை எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்று அதில் சந்தோஷம்தான்.

தஞ்சாவூர் ஜில்லாவில் அப்போது பேக்கேஜ் திட்டம் வந்த புதிது. கிராம சேவக் சைக்கிளில் வந்து புது ரகம், உரம் என்று சொல்வார். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் அவர் பின்னாலேயே போவார். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தபோது எங்கள் தெருவில் முதலில் குறுவைக்கு அதைப் போட்டவர் அவர்தான். நூற்றைந்து நாள் பயிர். நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் அந்த நெல்லுக்கு ஒரு குணம் உண்டு. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். ஐப்பசி மழை கேட்டுக்கொண்டா வரும்? ஒரு வருடம் அப்படி மாட்டிக்கொண்டோம். ஈரக் கதிரை அள்ளி வந்து திண்ணை, கூடம், அடுக்களை என்று வீடு முழுக்கப் பரப்பி, நாங்கள் மாட்டுக்கொட்டகையில் படுத்தோம். வீட்டுக்குள் புளித்த வாடை ஒரு மாதம் போகவில்லை. “சோறு படுக்கிற இடத்துல நாம படுக்கக் கூடாதுடா” என்று அண்ணன் சிரித்தார். அந்த வருடம் கும்பகோணம் காலேஜ் ஹாஸ்டலுக்கு எனக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டினார். எப்படிக் கட்டினார் என்று நான் கேட்டதில்லை.

தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டுத்தான், 1974இல், தன் முப்பதாவது வயதில் அவர் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குள் எனக்கு வங்கியில் வேலை கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

1977 புயலைப் பற்றி இங்கே பலருக்குச் சொந்த ஞாபகமே இருக்கும். நவம்பர் 12, நாகப்பட்டினத்தில் கரை கடந்தது. நான் அப்போது மதுரையில். பஸ் பாதி, நடை பாதியாக மூன்றாம் நாள் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. அன்று இரவு அண்ணன் செய்த காரியத்தை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடு பறக்கத் தொடங்கியதும், அம்மாவையும் அண்ணியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் தூக்கிப் பத்தாயத்துக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். சம்பா அறுப்புக்கு முந்தின காலம், அதனால் பத்தாயம் ஏறக்குறைய காலி. பிறகு கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்துவிட்டு, கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அதையும் உள்ளே இறக்கியிருக்கிறார். “பேத்தி ஒரு பக்கம், கன்னுக்குட்டி ஒரு பக்கம், நடுவுல நான்” என்பாள் அம்மா. இவர் மட்டும் வெளியே பத்தாயத்தில் சாய்ந்துகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம்.

நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. வயலில் இடுப்பளவு தண்ணீரில் வடிகாலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, “சாப்பிட்டியா?”

மேலே நாலு மா அவர் சொந்த உழைப்பில் வாங்கியது. அதையும் என் பெயரைச் சேர்த்தே பத்திரம் பண்ணினார். ஆக பன்னிரண்டு மா, நாலு ஏக்கர். 1993இல் நான் சென்னையில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினேன். வங்கிக் கடன் போதவில்லை. பாகம் பிரித்துக் கொடுங்கள், என் பங்கை விற்றுக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினேன். நேரில் போய்ச் சொல்ல முகமில்லை, அதனால் கடிதம். பதில் இன்லேண்டில் வந்தது. “எப்ப வேணும்?” என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி. ஆறு மாவையும் அவரே எடுத்துக்கொண்டு மூன்று தவணையில் பணம் கொடுத்தார். நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் தவணைக்கு உழவு மாட்டு ஜோடியும், இரண்டாவதற்கு அண்ணியின் சங்கிலியும் போனது எனக்கு அவர் இறந்த பிறகுதான் தெரியும். அண்ணி அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ பேச்சில் வந்துவிட்டது.

பங்கே இல்லை என்று ஆன பிறகும் தை அறுவடை முடிந்ததும் இரண்டு மூட்டை அரிசி எனக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே நெல்லைப் புழுக்கி, காயவைத்து, மில்லில் அரைத்து லாரியில் போட்டுவிடுவார். மோட்டா அரிசிதான். நாங்கள் அதற்குள் கடைப் பொன்னிக்குப் பழகிவிட்டோம். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், கோடையில் வண்டு விழுந்தது. 1998இல் போனில், “இனிமே அனுப்பாதீங்கண்ணே, உங்களுக்கும் வீண் செலவு” என்றேன். “சரி தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு தொல்லை விட்டது என்றுதான் இருந்தது. இதை மறைத்து எழுத முடியாது.

கடைசி வருடங்களில் காவிரி அவரை மிகவும் சோதித்துவிட்டது. எட்டு வருடம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை, ஊரில் பலருக்குக் குறுவையே போயிற்று. 2020இல் திறந்தார்கள். தலைப்பில் தண்ணீர் வந்த அன்று கூப்பிட்டார். “தண்ணி வந்துட்டுது தம்பி. நுரையோட வருது” என்றவர், போனை வாய்க்கால் பக்கம் நீட்டினார் போல. எனக்கு இரைச்சல்தான் கேட்டது. அடுத்த மாதம், நட்ட வயலைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் வரை அங்கேயே இருந்தேன். அவர் பையன் பரணிலிருந்து கணக்கு நோட்டுகளை இறக்கினான். வருடத்துக்கு ஒன்று. விதை, உழவுக்கூலி, நடவாள், யூரியா, கண்ட நெல், விற்றது, வீட்டுக்கு என்று பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில். ஒவ்வொரு தையிலும் கடைசி வரி “தம்பி 2”. 1998க்கு முன்பிருந்த நோட்டுகளில் அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் அந்த வரி நிற்கவில்லை. பக்கத்தில் வேறு மையில் சின்னதாக எழுதியிருந்தது: “தம்பி 2 - கீழத்தெரு கிழவி”, “தம்பி 2 - பள்ளிக்கூட ஆயா”, “தம்பி 2 - பெரிய தங்கச்சி”. என் மூட்டையை யாருக்குக் கொடுத்தார் என்ற கணக்கு. 2017 தையில் பயிர் காய்ந்துபோனது, எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில், “விளைச்சல் இல்லை. தம்பி 2 பாக்கி” என்று இருந்தது. மறு வருடம், “தம்பி 4”.

நோட்டை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பப் படித்தேன். பையன், “என்ன சித்தப்பா?” என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தத் தையிலிருந்து எனக்கு மறுபடியும் இரண்டு மூட்டை வருகிறது. நான்தான் கேட்டேன். வண்டு விழத்தான் செய்கிறது. மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொட்டிவிட்டு, நிழலில் நாற்காலி போட்டுக் காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.