மணலில் இருந்த விடை

டிசம்பர் 26 நெருங்கினால் அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டும் வந்துவிடும்: 2004 சுனாமி இயற்கையாக வந்ததல்ல, கடலுக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களாம். இந்த முறை அனுப்பியது என் சித்தப்பா. நாகப்பட்டினத்தில் அன்று மகளைப் பறிகொடுத்தவர். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் ஊருக்குள் புகுந்தால், யாரோ செய்த வேலை என்றுதான் மனசு தேடும்.

போன் செய்தேன். சுமத்ராவுக்கு மேற்கே, நம் நேரப்படி காலை 6.29 மணிக்குத் தொடங்கிய நிலத்தட்டு முறிவு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம் போல ஆனது. குண்டு ஒரே இடத்தில், நொடியில் வெடித்து அடங்கிவிடும். நிலநடுக்கமானியில் அதன் கோடே வேறு மாதிரி விழும்.

"அப்ப இதுக்கு முன்னாடி ஏன் வரல?"

வந்திருக்கிறது. தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் குழி வெட்டிப் பார்த்தவர்கள், கறுப்பு மண்ணுக்கு நடுவே சுனாமிகள் விட்டுச்சென்ற வெள்ளைக் கடல்மணல் அடுக்குகளைக் கண்டார்கள். 2004க்கு முந்தைய அடுக்குக்கு வயது சுமார் 600 ஆண்டுகள். அந்தக் குழியின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் அவருக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "அங்க ஆடினதுக்கும் இங்க அலை வந்ததுக்கும் ரெண்டு மணி நேரம் இருந்திருக்கேப்பா. ஏன் யாருமே சொல்லல?"

இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத் எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.