அம்மாவின் மருந்து டின்



2009ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் அம்மாவைத் தமிழ்நாட்டிற்கு அழைத்துச் சென்றேன். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி ஓய்ந்தவர் அவர். தம் தந்தையார் பிறந்த ஊரை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்போது அகவை அறுபத்தேழு. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் இருந்தன.

வானூர்தி நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு பழைய மைலோ டின். அதில் நான்கு வகை மாத்திரைகள், ஓர் இன்சுலின் புட்டி, சில ஊசிகள். நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும் அச்சிட்டு அரசாங்கக் கிளினிக்கில் தந்த பைகளை அம்மா வீட்டிலேயே களைந்துவிட்டிருந்தார்.

என்ன மருந்து என்று பெண் அதிகாரி மலாயில் கேட்டார். பெரிய வெள்ளை இனிப்பு நீருக்கு, சின்ன வெள்ளை கொதிப்புக்கு, இளஞ்சிவப்பு இரவில் என்று அம்மா தமக்குத் தெரிந்த மலாயில் தயங்காமல் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பி மருந்துகளின் பெயரைக் கேட்டார். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியன் வாயடைத்து நின்றேன். ஒரு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாதான் மஞ்சள் பையிலிருந்து கிளினிக் புத்தகத்தை எடுத்து நீட்டினார். புத்தகம் இல்லாமல் மருந்து வாங்கப் போகக்கூடாது என்பது தோட்டத்து டிரசர் காலத்திலிருந்து அவருக்கு ஊறிய பழக்கம். அதிலிருந்த பெயர்களைப் பார்த்து, ஓரிரு கேள்விகள் கேட்டு, அதிகாரி எங்களைக் கனிவோடு அனுப்பிவைத்தார்.

நான் செய்த பிழை இன்னொன்றும் உண்டு. மிச்ச இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டேன். பெட்டி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அன்றிரவு அம்மாவைக் காப்பாற்றியது, நான் வேண்டாம் என்று தடுத்தும் அவர் டின்னில் வைத்துக்கொண்ட அந்த ஒரு புட்டிதான். சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்துவிடக்கூடும் என்பதையும், ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக்கூடாது என்பதையும் பிறகே அறிந்தேன்.

2006 ஆகஸ்டு மாதம் இலண்டனில் திரவ வெடிமருந்துச் சதி அம்பலமான பின்னர், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் கொண்டுசெல்லப் பல நாடுகளில் தடை வந்தது. பயணத்திற்குத் தேவையான மருந்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அது மருந்துதான் என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. எனவே மருந்து அதன் சொந்த உறையில், மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையில் இருக்கட்டும். சேரும் நாட்டின் சட்டமும் வேறாக இருக்கலாம். கோடீன், டயாசிபாம் கலந்த மருந்துகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்ல முன்அனுமதி தேவை. டிரமடோல் என்னும் வலிநிவாரணிக்கு ஐக்கிய அரபு சிற்றரசுகளிலும் அப்படியே.

ஊர் திரும்பிய அன்று மாலை, உறைகளை ஏன் களைந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் மலாயில இருக்கு. எனக்கு எதுக்குய்யா?" என்றார். தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசிப்பவர். அந்த உறைகளை அவரோடு அமர்ந்து ஒருநாளும் நான் வாசித்ததில்லை.

மறுமுறை கிளினிக்கிலிருந்து வந்த உறைகளில், அச்சிட்ட எழுத்து மறையாதவாறு, 'காலை', 'இரவு', 'இனிப்பு நீர்', 'கொதிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மா ஒவ்வொன்றாக உரக்க வாசித்துவிட்டு, ஓர் உறையையும் களையாமல், அப்படியே டின்னுக்குள் அடுக்கினார்.

பெற்றோரோடு பயணம் புறப்படும் நண்பர்களே, கடப்பிதழை எடுத்து வைக்கும் வேளையில் அவர்களுடைய மருந்துப் பையையும் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள்.