வால் ஒன்று, தலை வேறு

கோவையில் மெக்கானிக்கல் படிப்பவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. திருப்பூரில் நான் பயிற்சிக்குப் போன பனியன் கம்பெனியில் ஸ்பெயின் நாட்டுப் பழைய நிட்டிங் மெஷின் ஒன்று. கையேடும் ஸ்பானிஷில்தான். அகராதியோடு உட்கார்ந்தேன். நம் ‘வேகம்’ ‘ஆக’ சேர்ந்து ‘வேகமாக’ ஆவதுபோல, அங்கே ‘லென்தா’வோடு ‘மென்தே’ சேர்ந்தால் ‘லென்தாமென்தே’, அதாவது மெதுவாக. இவ்வளவுதானா என்று மிதப்பு வந்துவிட்டது.

எண்ணெய் விடும் பக்கத்தில் ‘தியாரியாமென்தே’, ‘செமனால்மென்தே’ என இரண்டு சொற்கள். முன்னது தினமும், பின்னது வாரந்தோறும். வால் ஒன்றாக இருக்கவே, தலையை மாற்றிப் படித்துவிட்டேன். “வாரம் ஒருக்கா போதுங்ணா” என்றேன். நான்காம் நாள் மெஷின் சூடேறி நின்றது. ஆபரேட்டர் அண்ணனுக்கு அன்றைய கூலி போச்சு.

அவர் திட்டவில்லை. “ஏந்தம்பி, தெரியலீன்னா தெரியலீன்னு சொல்றதுக்கென்ன?” என்றார். அதுதான் இன்னும் சுடுகிறது.

மறுநாள் சரியாகத் தமிழில் எழுதி மெஷினில் ஒட்டினேன்.

‘சியெம்ப்ரே’ என்றால் எப்போதும். ‘அ வேசெஸ்’ சில சமயம். ‘நுன்கா’ ஒருபோதும் இல்லை. தோழர்களே, கேட்டுத் தெரிந்துகொள்வது சியெம்ப்ரே! தெரிந்ததுபோல் நடிப்பது நுன்கா!